மழைக் கணக்கு: கேள்வி பதில்

செட்டிநாட்டு ஊர்களில் மழையையும் ஊருணி நீர்மட்டத்தையும் நாமே அளந்து, எல்லாரும் எடுத்தாளப் பொதுவில் வைக்கும் முயற்சி குறித்து வந்த கேள்விகள் இவை.

கானாடுகாத்தான் ஆச்சி: வாளியில் அளக்கலாமா தம்பி?

வேண்டாம் ஆச்சி. வாய் அகன்று அடி குறுகிய வாளி மழையைக் கூட்டிக் காட்டும். மேலும் கீழும் ஒரே அகலமுள்ள பாத்திரத்தை, சுவரின் உயரத்தைப்போல் இரு மடங்கு தள்ளி வையுங்கள். வானிலைத் துறை அளக்கும் அதே காலை 8.30 மணிக்கு, தேங்கிய நீரின் ஆழத்தை மில்லிமீட்டரில் பாருங்கள். பெய்யாத நாளில் 0 என்று எழுத மறக்காதீர்கள்.

காரைக்குடி மாணவி: வீட்டுப் பழைய கணக்கு நோட்டுகளில் மழைக் குறிப்புகள் இருக்கின்றன. பயன்படுமா?

நிச்சயம் பயன்படும். பிரிட்டனில் 2020இல், கையால் எழுதிய 66,000 மழைத் தாள்களை 16,000 தன்னார்வலர்கள் பதினாறே நாளில் கணினியில் ஏற்றினார்கள். 1862இல் தொடங்கிய அந்நாட்டு மழைப் பதிவுத் தொடர் அதனால் 1836 வரை பின்னுக்கு நீண்டது. ஐந்தொகை என்ற கணக்கு எழுதிப் பழகிய ஊர் நம்முடையது. பெட்டகத்தில் என்ன கிடக்கிறதோ யார் கண்டது? ஒரு பக்கம் விடாமல் படம் எடுங்கள். எழுத்தைத் திருத்தாதீர்கள்.

தேவகோட்டை அன்பர்: நீர்மட்டத்தை வெளியிட்டால் டேங்கர் லாரிக்காரனுக்கு வழி காட்டுவதாகாதா?

ஆத்தங்குடி அண்ணன்: மறைத்து வைத்துத்தானே, ஊருணிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலைப் பறிகொடுத்தோம்!

நான் ஆத்தங்குடி அண்ணன் பக்கம். லாரிக்காரனுக்கு ஊருணி இருக்கும் இடம் ஏற்கெனவே தெரியும். தெரியாதது நமக்குத்தான். 1 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் 1 லிட்டர் நீர்; பெய்த நீர் எவ்வளவு என்று இதை வைத்து அறியலாம். நல்ல மழை தொடர்ந்து பெய்தும் ஊருணி ஏறவில்லை என்றால் வரத்துக்காலைப் போய்ப் பார்க்க வேண்டும். மழை ஒழுங்கு மாறிவரும் காலத்தில் எந்தக் கால்வாயை முதலில் தூர்வாருவது என்பதை மழை, நீர்மட்டம் என்ற இந்த இரண்டு எண்களை வைத்தே முடிவு செய்யலாம். பூட்டி வைத்த நோட்டை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியிடம் பேசுவது?

தேவகோட்டை அன்பர்: அப்படியானால் கோடையில் மட்டும் மறைக்கலாமே?

கோடை எண்கள் இல்லாமல், எவ்வளவு வேகமாக வற்றுகிறது என்று எப்படி அறிவீர்கள்? வேண்டாம்.





கண்டனூர் வாசகர்: பிளாஸ்டிக் வாளி?

ஆச்சிக்குச் சொன்னதேதான்.

புதுவயல் தம்பி: நேற்று பார்க்க மறந்துவிட்டேன். 0 என்று எழுதிவிடவா?

கூடாது. 0 என்றால் மழை இல்லை என்று பொருள். 'அளக்கவில்லை' என்று எழுது.