கணினி பவர் சப்ளைக்குள் நடப்பது என்ன?

கேள்வி: பழைய வானொலிப் பெட்டிகளில் கனத்த மின்மாற்றி ஒன்று இருக்கும். பல நூறு வாட் வழங்கும் கணினியின் பவர் சப்ளையிலோ மின்மாற்றி உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது. இது எப்படிச் சாத்தியம்?

பதில்: மின்மாற்றியின் பருமனைப் பெரிதும் தீர்மானிப்பது அதில் பாயும் மின்சாரத்தின் அதிர்வெண். 50 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு அரைச்சுற்றும் 10 மில்லிநொடி நீடிப்பதால், அதுவரை உள்ளகம் (கம்பி சுற்றப்பட்ட நடுப்பகுதி) காந்தத் தெவிட்டு நிலையை, அதாவது இனி மேலும் காந்தமேற முடியாத நிலையை, எட்டாதிருக்க நிறைய இரும்பும் நிறையக் கம்பிச்சுற்றுகளும் தேவைப்படுகின்றன. கணினியின் பவர் சப்ளை அந்த வழியில் செல்வதில்லை.

உள்ளே வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம், ஃபியூஸையும் இரைச்சல் வடிகட்டியையும் கடந்து, நான்கு டயோடுகளால் ஆன பாலச் சுற்றில் நேர்த்திசையாகிறது. அதன் உச்சம் ஏறத்தாழ 325 வோல்ட். திறன் காரணியை, அதாவது இழுக்கும் மின்னோட்டம் எவ்வளவு பயனுள்ள திறனாகிறது என்னும் விகிதத்தை, சீராக்கும் சுற்று உள்ள பெட்டிகளில் அது 380 வோல்ட்டுக்கும் உயர்த்தப்பட்டு, பெரிய உருளை வடிவ மின்தேக்கியில் சேமிக்கப்படுகிறது. குறைப்பதற்கு முன் கூட்டுவது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் உயர்ந்த மின்னழுத்தத்தில் அதே திறனுக்குக் குறைந்த மின்னோட்டமே போதும். அதன்பின் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர்கள் அந்த மின்சாரத்தை நொடிக்குப் பல பத்தாயிரம் முறை வெட்டி வெட்டி மின்மாற்றிக்குள் செலுத்துகின்றன. ஒவ்வொரு துடிப்பும் மிகக் குறுகியதாக இருப்பதால் ஃபெரைட் என்னும் காந்தப் பீங்கானாலான சிறிய உள்ளகமே போதுமானதாகிறது. மறுபக்கத்தில் ஷாட்கி டயோடுகளோ வேறு மாஸ்ஃபெட்களோ அதை மீண்டும் நேர்த்திசையாக்க, சோக் சுருளும் மின்தேக்கிகளும் அலைவைத் தணிக்கின்றன.

இந்த அமைப்பில் என்னை மிகவும் கவர்வது பின்னூட்டச் சுற்றுதான். 12 வோல்ட் வெளியீடு 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் நிற்க வேண்டுமானால், அதன் ஏற்ற இறக்கத்தை முன்பக்கத்து (மின்மாற்றிக்கு முந்தைய பகுதியின்) டிரான்சிஸ்டர்களை இயக்கும் சில்லு உடனுக்குடன் அறிய வேண்டும். ஆனால் உயிருக்கு ஆபத்தான முன்பக்கத்தையும் நாம் தொடக்கூடிய பின்பக்கத்தையும் கம்பியால் நேராக இணைக்கவும் கூடாது. ஆகவே ஆப்டோகப்ளர் என்னும் சிறு பாகத்துக்குள், ஒரு பக்கம் எல்.இ.டி. ஒளிர, மறுபக்கம் ஒளியை உணரும் டிரான்சிஸ்டர் அதைப் பெற்றுக்கொள்கிறது. மின்சாரம் தாண்டக்கூடாத இடைவெளியை ஒளி தாண்டிவிடுகிறது.

கேள்வி: கணினியை அணைத்த பிறகும் மதர்போர்டில் ஒரு விளக்கு எரிகிறது. இது பழுதா? உப்பிய மின்தேக்கியை நானே மாற்றலாமா?

பதில்: பழுது அன்று. பிளக் செருகியிருக்கும்வரை ஒரு சிறிய தனிச் சுற்று, ஊதா நிறக் கம்பியில் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தை வழங்கிக்கொண்டே இருக்கும். நீங்கள் பொத்தானை அழுத்தியதும் மதர்போர்டு பச்சைக் கம்பியைத் தரையுடன் இணைக்க, முதன்மைச் சுற்று விழித்தெழுகிறது. வெளியீடுகள் நிலைபெற்றபின் சாம்பல் கம்பி வழியே சம்மதம் கிடைத்தால்தான் செயலி இயங்கத் தொடங்கும்.

மின்தேக்கியை நீங்களே மாற்ற முயல வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பின்பும் பெரிய மின்தேக்கியில் ஆளைக் கொல்லும் அளவு மின்னூட்டம் தங்கியிருக்கக்கூடும். அதை முறைப்படி வடித்து, அளவிட்டு உறுதிசெய்யத் தெரிந்த தொழில்நுட்பரிடமே கொடுங்கள். பின்பக்கத்தில் புதிதாக வைக்கும் மின்தேக்கி 105 டிகிரி செல்சியஸ் தாங்குவதாகவும், உள்மின்தடை குறைந்ததாகவும் இருக்க வேண்டும் என்று அவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.