ஆய்வகத்தில் பழ ஈக்களை வளர்த்து, மலடாக்கி வெளியே விட்டால் மாம்பழத்தில் புழு குறையும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். ஆனால் உங்களுக்குச் சிறியதொரு மாந்தோப்பு இருக்கிறது என்றும், பழத்தை அறுத்துப் பார்த்த ஆத்திரத்தில்தான் கேட்கிறீர்கள் என்றும் எடுத்துக்கொண்டு சொல்கிறேன்: உங்கள் ஒரு தோப்புக்கு மட்டும் இது உதவாது.

நான் காரைக்குடிக்காரி. விலங்கியல் படித்து முடித்த கையோடு ஓர் ஆய்வகத்தில் பழ ஈ வளர்க்கும் பணியில் இருந்தேன். "படிச்சுப்புட்டு ஈக்குச் சோறாக்குறியா ஆத்தா?" என்று அப்பத்தா கேட்டது இன்றும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. கேலி செய்பவர்கள் அந்தச் சோற்றை ஒருமுறை ஆக்கிப் பார்க்க வேண்டும். கோதுமைத் தவிடு, சர்க்கரை, ஈஸ்ட், பூஞ்சணம் பிடிக்காமலிருக்கச் சோடியம் பென்சோயேட் ஆகியவற்றைத் தண்ணீரில் பிசைந்து தட்டில் பரப்பி, முட்டைகளை அதன்மேல் விட வேண்டும். ஈரம் கூடினால் புழு மூச்சுமுட்டிச் சாகும். குறைந்தால் காய்ந்து சாகும். முற்றிய புழு தலையையும் வாலையும் ஒன்றுசேர்த்து வளைந்து, விண்ணென்று தெறித்துத் தட்டுக்கு வெளியே குதித்து, கீழே பரப்பியிருக்கும் மணலுக்குள் புகுந்து கூடாகும்.

சிரமமே ஈக்களை முட்டையிட வைப்பதில்தான். சந்தையில் கழித்துப் போட்ட பாகற்காயிலிருந்து வந்த ஈக்கள், ஊசித் துளையிட்டு உள்ளே காய்ச்சாறு தடவிய பிளாஸ்டிக் குப்பியை முதலில் சீண்டுவதே இல்லை. ஏதோ சில மட்டும் முட்டையிடும். அவற்றின் சந்ததிதான் பெருகும். இப்படியே போனால் குப்பிக்கும் கூண்டுக்கும் பழகிய ஈயாகிவிடும், தோட்டத்து ஈயோடு போட்டியிட முடியாது. ஆகவேதான் ஈ நடந்து ஏற முடியாதபடி உள்பக்கம் டால்க் தூள் பூசிய கறுப்புக் குழாய்க்குள் கூடுகளை வைத்து, எத்தனை ஈக்கள் பறந்து வெளியேறுகின்றன என்று எண்ணிப் பார்க்கிறார்கள்.

வெளியே விடப்படுபவை மலட்டு ஈக்கள். கூட்டின் ஓட்டை உரித்து, உள்ளிருக்கும் ஈயின் கண் நிறத்தை வைத்து வயதைக் கணித்து, வெளிவர ஓரிரு நாள் இருக்கும்போது கோபால்ட்-60 காமாக் கதிரைப் பாய்ச்சுகிறார்கள். அந்த ஆணோடு கூடிய காட்டுப் பெண் ஈ இடும் முட்டை பொரிக்காது. (ஈ கதிர்வீச்சைப் பரப்பும் என்று யாரேனும் கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன்: எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர் எவ்வளவு பரப்புவாரோ அவ்வளவுதான்.)

ஜப்பானின் ஒகினாவாவில் பாகல், பூசணியைத் தாக்கும் ஈயை இப்படித்தான் ஒழித்தார்கள். 1972இல் கூமே தீவில் தொடங்கி 1993இல் முடித்தார்கள். விட்ட ஈக்கள் 5,000 கோடிக்கும் மேல். அதுவும் கவர்ச்சிப் பொருளோடு பூச்சிக்கொல்லியைச் சேர்த்து வைத்து, காட்டு ஆண் ஈக்களை முதலில் குறைத்துவிட்டுத்தான். சுற்றிலும் கடல் இருந்ததால் வெளியிலிருந்து ஈ வந்து சேர்வதும் அரிது.

நமக்குக் கடல் எங்கே இருக்கிறது? கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கம் வந்து பாருங்கள். வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். பின்கட்டுத் தோட்டத்து மாமரம் காய்த்து, பழுத்து, கேட்பாரற்றுக் கீழே அழுகிக் கிடக்கிறது. எங்கள் பக்கத்து வளவில் உதிர்ந்ததைப் பொறுக்கிக்கொள்ளச் சாவி கேட்டதற்கு, மாங்காய் திருட வழி கேட்பதைப் போலப் பேசினார்கள். அவர்கள் சொத்து, அவர்கள் உரிமை, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பழத்தில் பிறந்த ஈ மதில் ஏறித்தான் எங்கள் மரத்துக்கு வருகிறது. குடும்பத்தை இழிவுபடுத்துகிறேன் என்று தயவுசெய்து யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஈயைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

உங்களால் முடிந்தது இதுதான்: உதிர்ந்த பழத்தைத் தினமும் பொறுக்கி, பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டி வெயிலில் போடுங்கள், மரத்தடியைக் கிளறிக் கூடுகளை மேலே கொண்டுவாருங்கள், காய் முற்றத் தொடங்குமுன் பொறியைக் கட்டுங்கள், அக்கம்பக்கத்தாரையும் கட்டச் சொல்லுங்கள். பொறியில் விழுபவை ஆண் ஈக்கள் மட்டுமே என்பதால் அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். பொறிக்குள் வைக்கும் கவர்ச்சிப் பொருள் மாமரத்துக்கு மெத்தில் யூஜினால், பாகலுக்கும் புடலைக்கும் கியூ லூர். கடையில் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், இல்லாவிட்டால் கையில் இருப்பதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.