ஆர்பிஜி ஹீலர் டோட்டாவுக்கு மாறலாமா? ரெடி அக்கவுண்ட் வாங்கலாமா?

கேள்வி: நான்கு வருடமாக வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆர்பிஜி (கேரக்டரை வளர்த்து ஆடும் விளையாட்டு) ஆடுகிறேன், கூட்டாளிகளின் உயிரை ஏற்றும் ஹீலர் நான். மூவர் எதிர் மூவர் மோதும் அரீனாவில் ஓரளவு நல்ல ரேட்டிங். நண்பர்கள் டோட்டா 2-க்குக் கூப்பிடுகிறார்கள். இங்கே பழகியது அங்கே கைகொடுக்குமா? தினமும் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். ‘அடிமட்ட ரேங்கில் ஏன் மல்லுக்கட்டுகிறாய், லெஜண்ட் ரேங்க் அக்கவுண்ட் ரெடியாக இருக்கிறது, வாங்கித் தருகிறேன்’ என்கிறார் ஒருவர். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். ஏன் என்று புரிந்தாலே இரண்டு விளையாட்டுக்கும் உள்ள வித்தியாசமும் புரிந்துவிடும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் ஆடும் ஆர்பிஜியில் பலத்தின் ஒரு பங்கு கேரக்டரிடம் சேர்ந்திருக்கிறது. போன வாரம் சண்டையில் கிடைத்த கான்குவெஸ்ட் புள்ளி சேர்த்து எடுத்த கவசம் இந்த வாரமும் உடம்பில் இருக்கும். புதிதாக வந்தவரைவிட அந்த அளவுக்கு நீங்கள் கூடுதலாக அடி தாங்குவீர்கள். ஐவர் எதிர் ஐவர் மோதும் டோட்டாவில் அப்படி எதுவும் சேராது. மேட்ச் தொடங்கும்போது பத்துப் பேரும் லெவல் 1, ஆளுக்கு 600 கோல்ட். மேட்ச் முடிந்தால் சம்பாதித்த அத்தனையும் போய்விடும். ஹீரோக்கள் எல்லாருக்கும் இலவசம், காசுக்கு விற்கும் உடைகளால் ஹீரோவுக்குத் துளி பலம்கூடக் கூடாது.

அப்படியென்றால் லெஜண்ட் அக்கவுண்டுக்குள் என்னதான் இருக்கிறது? ஒரு எண். உங்களை யாரோடு மோதவிட வேண்டும் என்று சர்வருக்குச் சொல்லும் எண், அவ்வளவுதான். அதை வாங்கினால், உங்களைவிடப் பல நூறு மணி நேரம் கூடுதலாக ஆடியவர்கள் நடுவில் போய் நிற்பீர்கள். முதல் மேட்சிலேயே கூட்டாளிகள் நால்வருக்கும் தெரிந்துவிடும். ரிப்போர்ட் செய்வார்கள், தோற்றுத் தோற்று எண்ணும் இறங்கும். கொஞ்ச நாளில் நியாயமாக எங்கே தொடங்கியிருப்பீர்களோ அங்கேயே வந்து நிற்பீர்கள், பணத்தை இழந்தபடி.

அந்த அக்கவுண்ட் கடைசிவரை உங்களிடம் இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. டோட்டா ஓடும் ஸ்டீம் தளத்தின் ஒப்பந்தப்படி அக்கவுண்டை விற்கக் கூடாது. முதலில் உருவாக்கியவரிடம் பழைய மின்னஞ்சலும் பணம் கட்டிய விவரங்களும் இருக்கும். ‘என் அக்கவுண்டைத் திருடிவிட்டார்கள்’ என்று அவற்றைக் காட்டினால் திரும்ப அவர் கைக்கே போய்விடும். அதையே இன்னொருவருக்கும் விற்பார். நீங்கள் முறையிட்டால், விதியை மீறி வாங்கியதை நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். பாஸ்வேர்டையும் மின்னஞ்சலையும் மாற்றிக்கொண்டால் போதும் என்று தரகர் சொல்லுவார். போதாது, பழைய ரசீது முதலில் உருவாக்கியவரிடமே இருக்கிறது.

‘உங்கள் அக்கவுண்டிலேயே ஆடி ரேங்க் ஏற்றித் தருகிறேன்’ என்பது இதன் மறுபக்கம். அதற்கு பாஸ்வேர்டும், போனுக்கு வரும் ஸ்டீம் கார்ட் பாதுகாப்புக் குறியீடும் கேட்பார்கள். அந்தக் குறியீட்டைக் கொடுப்பது வீட்டுச் சாவியைக் கொடுப்பது போலத்தான். கொடுத்துவிட்டால், விற்கக்கூடிய உடைகள், சேர்த்து வைத்த மற்ற கேம்கள் எல்லாம் போய்விடும். இலவச உடை தருகிறோம், போட்டியில் ஓட்டுப் போடுங்கள் என்று லிங்க் அனுப்பி ஸ்டீம் லாகின் பக்கம் போலவே ஒரு போலிப் பெட்டியைத் திறப்பது இன்னொரு வழி. அந்தப் பெட்டியை பிரவுசர் ஜன்னலுக்கு வெளியே இழுத்துப் பாருங்கள். வெளியே வர மறுத்தால் அது பக்கத்துக்குள் வரைந்த படம், மூடிவிடுங்கள்.

இந்தத் தரகர்கள் எங்கிருந்து முளைக்கிறார்கள்? டோட்டாவில் ரேங்க் மேட்ச் ஆட 100 மணி நேரம் ஆடியிருக்க வேண்டும், போன் எண் இணைத்திருக்க வேண்டும். இதே வகை விளையாட்டான லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் அக்கவுண்ட் லெவல் 30 வேண்டும். ஏமாற்றுக்காரர்களைத் தடுக்கப் போட்ட வேலிதான். ஆனால் தினம் ஒரு மணி நேரம் ஆடுகிறவர் மூன்று மாதத்துக்கு மேல் வாசலிலேயே நிற்க வேண்டியிருக்கிறது. அங்கே அவரை அடித்து நொறுக்குவது யார்? விற்பதற்காக அக்கவுண்ட் வளர்க்கும் பழைய கைகள்! 2023-ல் டோட்டாவை நடத்தும் வால்வ் இப்படிப்பட்ட 90,000 அக்கவுண்டுகளை ஒரே மூச்சில் தடை செய்தது. ஒவ்வொன்றின் பின்னால் இருந்த அசல் அக்கவுண்டையும் கண்டுபிடித்ததாகச் சொன்னது. கண்டுபிடிக்க முடிகிறது என்றால் அதை வாராவாரம் செய்ய என்ன தடை? புதியவர் முதல் பத்து மேட்சில் நொந்து போவதை எந்த நிறுவனமும் தன் நஷ்டமாகக் கணக்கில் எழுதுவதாகத் தெரியவில்லை.

சரி, உங்கள் திறமைக்கு வருவோம். எதிரியின் தப்பிக்கும் ஸ்கில் கூல்டவுனில் (மறுபடி பயன்படுத்தும்வரை காத்திருக்கும் நேரம்) இருக்கிறதா என்று மனதில் கணக்கு வைப்பது, யாரை முதலில் வீழ்த்துவது என்று எல்லாரும் ஒரே ஆளைக் குறிவைப்பது, எதிரி மந்திரம் ஓதும்போது குறுக்கே வெட்டுவது, இவை அப்படியே உதவும். எதிரியை அசையவிடாமல் செய்யும் ஸ்டன் விஷயத்தில் மட்டும் பழக்கத்தை மாற்ற வேண்டும். வார்கிராஃப்ட்டில் ஒரே வகைக் கட்டுப்பாட்டை அடுத்தடுத்துப் போட்டால் அதன் நேரம் சுருங்கி, கடைசியில் பலிக்காமல் போகும். அதனால் வகை மாற்றி மாற்றிப் போடப் பழகியிருப்பீர்கள். டோட்டாவில் அந்தச் சுருக்கம் இல்லை. இரண்டு பேரிடம் ஆளுக்கு 2 விநாடி ஸ்டன் இருக்கிறது என்று வையுங்கள். ஒரே நேரத்தில் அடித்தால் எதிரி 2 விநாடிதான் அசையாமல் இருப்பான், ஒன்று முடியும் நொடியில் அடுத்தது விழுந்தால் 4 விநாடி. புதிதாக வருகிறவர்களின் பாதி சண்டைகள் ஸ்டன்னை ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டியே வீணாகின்றன.

ஹீலர் கையையும் மாற்றியாக வேண்டும். அங்கே ஒன்றரை விநாடிக்கு ஒரு ஹீல் போட்டே கூட்டாளியை நிமிர்த்தி வைக்கலாம். இங்கே மந்திரத்துக்குச் செலவாகும் மனா குறைவு, கூல்டவுன் நீளம், ஹீல் மட்டும் போட்டு யாரையும் நிலைநிறுத்த முடியாது. டாசல் என்ற ஹீரோவில் தொடங்குங்கள். அவருடைய ஷேலோ கிரேவ் கூட்டாளியைச் சில விநாடிகளுக்குச் சாகவிடாது. உயிர் பாதி இருக்கும்போதே பதறிப் போட்டால், எதிரி அது முடியும்வரை காத்திருந்து அடிப்பான். உயிர்க்கோடு தரைதட்டும்போது போட வேண்டும். ஆனால் எதிரி உங்களை ஸ்டன் செய்வதற்கு முன்னால் போட வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் டாசல் ஆட்டம்.

கூட்டாளிகளின் உயிர்க்கோட்டிலேயே கண் பதிந்திருக்கும் உங்களுக்குத் திரை மூலையில் இருக்கும் சிறு வரைபடமான மினிமேப்பும் மறக்கும். சில விநாடிக்கு ஒருமுறை அதைப் பாருங்கள். எதிரி ஐவரில் மூவர் தெரியவில்லை என்றால் அவர்கள் உங்களை நோக்கித்தான் வருகிறார்கள் என்று வைத்துக்கொண்டு பின்வாங்குங்கள். அரீனாவில் செத்தால் அந்த ஆட்டம்தான் போகும். இங்கே உங்கள் சாவு எதிரிக்குக் கோல்டும் அனுபவமும் ஆகி, அடுத்த சண்டையில் உங்கள் மேலேயே விழும்.

ஒரு மணி நேரம்தான் என்பதுதான் எனக்குக் கவலை. டோட்டா மேட்ச் சாதாரணமாக 35 முதல் 45 நிமிடம் ஓடும், ஆள் சேரவும் ஹீரோ தேர்வுக்கும் இன்னும் நேரம். ஒரு நாளைக்கு ஒன்றுதான் முடியும். நடுவில் எழுந்துபோய் 5 நிமிடம் தொடர்பு இல்லாமல் இருந்தால் கைவிட்டதாகப் பதிவாகும், அடிக்கடி நடந்தால் தண்டனை வரிசையில் தள்ளுவார்கள். டர்போ முறையில் கோல்டும் அனுபவமும் வேகமாக ஏறும், மேட்ச் சீக்கிரம் முடியும். உங்களுக்கு அதுதான் பொருந்தும்.

பலம் கேரக்டரிடம் சேரும் என்று சொன்னேனே, எல்லா ஆர்பிஜிக்கும் அது பொருந்தாது. இந்த விதிவிலக்கை உங்களைப் போன்றவர்களிடம் யாரும் சொல்வதில்லை. கில்ட் வார்ஸ் 2 என்ற ஆர்பிஜியில் பிவிபி (ஆட்டக்காரரோடு ஆட்டக்காரர் மோதும்) மண்டபத்துக்குள் நுழைந்ததும் எந்தக் கேரக்டரும் லெவல் 80 ஆகிவிடும். வெளியில் சேர்த்த கவசம் செல்லாது. தாயத்து, ரூன், சிஜில் என்று பலம் தரும் பொருள்களைப் பட்டியலிலிருந்து எல்லாரும் ஒரே மாதிரி இலவசமாக எடுத்துக்கொள்வார்கள். ஐவர் எதிர் ஐவர், மூன்று இடங்களைப் பிடித்து 500 புள்ளி சேர்த்தால் வெற்றி, நேரம் அதிகபட்சம் 15 நிமிடம். ரேங்க் ஆட்டத்துக்கு பிவிபி ரேங்க் 20 வேண்டும். ஃபைனல் ஃபேண்டஸி 14-ல் 2022-ல் வந்த கிரிஸ்டலைன் கான்ஃப்ளிக்ட் என்ற பிவிபி முறையும் இதே ஜாதிதான், அங்கேயும் கவசம் செல்லாது, மேட்ச் 5 நிமிடம். ஒன்றை மட்டும் கவனியுங்கள், கில்ட் வார்ஸ் 2-லேயே உலகத்தோடு உலகம் மோதும் பெரும்போர் முறையில் லெவல் சமமாகும், கவசம் சமமாகாது. இரண்டையும் ஒன்றென்று நினைத்து இறங்கியவர்கள் ‘பிவிபி நியாயமில்லை’ என்று புலம்புகிறார்கள். உங்களுக்கு வேண்டியது சமநிலைச் சண்டை மட்டும்தான் என்றால் ஒரு மணி நேரத்தில் இங்கே நான்கு மேட்ச் ஆடலாம், டோட்டாவே தேவைப்படாது.

நண்பர்களோடு ஆடுவதுதான் முக்கியம் என்றால் புது அக்கவுண்ட் திறந்து, முதல் வாரம் கணினியோடு மோதும் பாட் மேட்சிலும் பயிற்சி அறையிலும் மட்டும் ஆடுங்கள். கிரீப் எனப்படும் சிறு படைவீரர்கள் அரை நிமிடத்துக்கு ஒரு அலையாக வருவார்கள், அலைக்குக் குறைந்தது நான்கு, பத்து நிமிடத்தில் சுமார் 80. கடைசி அடி உங்களுடையதாக இருந்தால்தான் கோல்ட். எதிரி இல்லாமல் அதில் பாதி தேறும்வரை மேட்சுக்குப் போகவேண்டாம். கூட்டாளிகளுக்குத் துணை நிற்கும் சப்போர்ட் ஆடுகிறவர் மேட்சில் கிரீப்பை, கோல்ட் சேர்த்துப் பலமாகும் கோர் ஆட்டக்காரருக்கு விட்டுவிடுவார், ஆனால் அடிக்கும் தருணம் தெரியாதவருக்கு அவரைக் காப்பாற்றும் தருணமும் தெரியாது. சுற்றுவட்டாரத்தைக் காட்டும் அப்சர்வர் வார்டுக்கு விலை கிடையாது, ஒன்று 6 நிமிடம் நிற்கும், அது கையிலேயே தேங்கக் கூடாது. வேறு இடத்துக்குத் தாவ உதவும் டவுன் போர்ட்டல் ஸ்க்ரோல் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்.

தரகருக்கு ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால் மீதியைக் கொடுக்காதீர்கள். அவர் கொடுத்த அக்கவுண்டில் உங்கள் கார்டையோ போன் எண்ணையோ இணைக்காதீர்கள். உங்கள் சொந்த மின்னஞ்சலில் பயன்படுத்தும் பாஸ்வேர்டை அங்கே ஏற்கெனவே தட்டியிருந்தால் இன்றைக்கே எல்லா இடத்திலும் மாற்றிவிடுங்கள்.