நாவல் படித்து வாசிப்புக் குறிப்பேடு எழுதச் சொல்கிறார்கள். மகள் கதைச் சுருக்கம்தான் எழுதுகிறாள். எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இது: வீடு ஏற்காட்டில், மகள் பதினொன்றாம் வகுப்பு. பள்ளியில் ‘வெக்கை’, ‘எரியும் பனிக்காடு’ என்று இரண்டு நாவல்கள் கொடுத்திருக்கிறார்கள். நாலு பக்கம் எழுதிக் கொடுத்ததை, “இதெல்லாம் கதை, உன்னுடையது எது?” என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிவிட்டார்கள்.

டீச்சர் கேட்டது சரியான கேள்வி. கதை அவருக்குத் தெரியும். படிக்கும்போது உங்கள் மகள் எந்த இடத்தில் நின்றாள், ஏன் நின்றாள் என்பதுதான் அவருக்குத் தெரியாது. புத்தகம் முழுவதையும் பற்றிக் கருத்துச் சொல் என்றால் பெரியவர்களே திணறுவார்கள். ஒரே ஒரு இடத்தைப் பற்றிச் சொல் என்றால் பதினாறு வயதுப் பிள்ளை தாராளமாகச் சொல்லும். அதனால் குறிப்பேடு என்பது இடம் இடமாக, படிக்கும் நாட்களிலேயே எழுத வேண்டிய ஒன்று. கடைசிப் பக்கத்தை மூடிவிட்டு ஒரே ராத்திரியில் உட்கார்ந்தால் சுருக்கம்தான் வரும். அதற்குள் முடிவு தெரிந்துவிடும்; நடுவில் வந்த சந்தேகமும் எரிச்சலும் மறந்துபோயிருக்கும்.

நீள சைஸ் ரூல்டு நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் இடமிருந்து மூன்றில் ஒரு பங்கு விட்டு மேலிருந்து கீழாக ஒரு கோடு. கோட்டுக்கு இடப்பக்கம் தேதி, பக்க எண், புத்தகத்தில் இருக்கிற அந்த ஒன்றிரண்டு வரி அப்படியே. வலப்பக்கம் அவள் மனதில் பட்டது. முதல் பக்கத்தில் பதிப்பகம், பதிப்பு ஆண்டு இரண்டையும் எழுதிவைக்கட்டும். பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறும். டீச்சர் கையில் இருப்பது வேறு பதிப்பு என்றால் அந்த வரி அவருக்கு அகப்படாது. நூலகப் புத்தகம் என்றால் அதில் கோடு போடக் கூடாது. தினசரிக் காலண்டரில் கிழித்த தாளை நீளவாக்கில் நாலாக வெட்டிச் செருகிவிட்டால் போதும்.

ஒரு நாளைக்கு 20 பக்கம், செருகும் சீட்டு அதிகபட்சம் மூன்று. நாலாவது இடம் வந்தால் முன்னால் செருகியதில் ஒன்றை எடுத்துவிட வேண்டும். எது முக்கியம் என்று தேர்ந்தெடுக்கிற பழக்கம் அங்கேதான் வருகிறது. சுமார் 50 பக்கத்துக்கு ஒரு முறை, சேர்ந்த சீட்டுகளில் ஒன்றை எடுத்து 150 முதல் 200 சொற்களில் விரிவாக எழுதினால், 250 பக்க நாவலுக்கு ஐந்து பதிவு கிடைக்கும். அதற்கு மேல் தேவையில்லை.

இப்போது ‘வெக்கை’யையே எடுத்துக்கொள்வோம். பூமணி எழுதி 1982-இல் வந்த நாவல். அதன் நாயகன் சிதம்பரத்துக்கு வயது 15. அவன் ஒருவனை வெட்டிக் கொல்வது ஆரம்பத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது. ஏன் வெட்டினான் என்பது பின்னால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரியவருகிறது. வழக்கமாகப் பிள்ளைகள் எழுதுவது இப்படி இருக்கும்: “சிதம்பரம் தன் அண்ணனைக் கொன்றவனைப் பழிவாங்கினான். கொலை செய்வது தவறு. வன்முறை எதற்கும் தீர்வாகாது. ஆசிரியர் மிகச் சிறப்பாக எழுதியுள்ளார்.” இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் பெயரை எடுத்துவிட்டால் இந்த வாக்கியங்கள் பழிவாங்கும் கதை எதற்கும் பொருந்தும். எழுதியதை இப்படிச் சோதித்துப் பார்க்க அவளுக்கே சொல்லிக்கொடுங்கள்.

அதே இடத்தை இப்படியும் எழுதலாம்: “கையை மட்டும் எடுத்துடணும்னுதான் சிதம்பரம் நினைச்சிருக்கான். ஆனா ஆளே செத்துட்டான். என்னைவிட ஒரு வயசு சின்னவன். அவன் மேல எனக்குக் கோபமே வரலை. ஒரு கொலையைப் படிச்சிட்டும் கோபம் வரலையேன்னு எனக்கே பயமா இருந்துச்சு. யோசிச்சுப் பாத்தா, கதை முழுக்க சிதம்பரம் கூடவே போகுது. செத்தவன் வீட்டுக்குள்ள நம்மளைக் கூட்டிட்டுப் போகவே இல்லை. போயிருந்தா நான் இப்படி நினைச்சிருப்பேனா?”

இந்தப் பதிவில் முதலில் இடம், அடுத்து அவளுடைய உணர்ச்சி, கடைசியில் அந்த உணர்ச்சிக்கான காரணம். மூன்றாவதுதான் பெரும்பாலும் விட்டுப்போகும். “எனக்கு அழுகை வந்தது” என்று நிறுத்திவிடுவார்கள். அந்தக் காரணம் புத்தகத்துக்குள் இருக்க வேண்டும்: யார் கண் வழியாகக் கதை போகிறது, எதை முன்னால் சொல்லி எதைப் பின்னால் வைத்தார், எதைச் சொல்லாமலே விட்டார். ராஃபில் பேச்சுத் தமிழில் எழுதவிடுங்கள், உண்மையான எண்ணம் அதில்தான் முதலில் வெளிவரும். ஃபேர் காப்பி எடுக்கும்போது எழுத்துத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவள் என்றால் இந்த வேலை அவளுக்குப் புதிதில்லை. பத்தாம் வகுப்பில் ‘கோபல்லபுரத்து மக்கள்’ பகுதியில், அன்னமய்யாவின் பெயருக்கும் செயலுக்கும் உள்ள பொருத்தத்தைக் கேட்டிருப்பார்கள். அதுவும் இதே வகைக் கேள்விதான். இப்போது அந்தக் கேள்வியை அவளே கேட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

‘எரியும் பனிக்காடு’ விஷயத்தில் ஏற்காட்டுப் பிள்ளைக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. டாக்டர் பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் தமிழுக்குக் கொண்டுவந்த நாவல் அது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கருப்பனும் வள்ளியும், தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி கொடுத்த முன்பணத்தை நம்பி ஆனைமலைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய், கடனில் சிக்கிக்கொள்வார்கள். “எங்கள் ஊரிலும் எஸ்டேட் இருக்கிறது” என்று எழுதினால் அது வெறும் தகவல். அதிலிருந்து ஒரு படி மேலே போகச் சொல்லுங்கள். ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையில் 1820-களிலேயே காபி வந்துவிட்டது. காபிப் பழம் ஆண்டுக்கு ஒரு பருவம்தான். நவம்பரில் தொடங்கி ஜனவரி, பிப்ரவரி வரை பறிப்பார்கள். தேயிலையில் ஒரு செடிக்கு ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொழுந்து கிள்ள வேண்டும், அதற்கு ஆண்டு முழுக்க ஆள் வேண்டும். அப்படியானால், ஆளை ஊருக்குத் திரும்பவிடாமல் வைத்திருப்பதில் அந்த முன்பணத்துக்கு என்ன பங்கு? இதை முடிவாக எழுத வேண்டாம். கேள்வியாக எழுதி, நாவலில் கூலிக் கணக்குப் பார்க்கும் பகுதிகளுக்குத் திரும்பிப் போய்ப் பக்க எண்ணோடு பதில் தேடட்டும். தெரிந்ததிலிருந்து கிளம்பி மறுபடி புத்தகத்துக்குள் போனால்தான் அது வாசிப்பு. ஊர்ப் பெருமையிலேயே நின்றுவிட்டால் கட்டுரையாகிவிடும்.

படம் பார்த்துவிட்டு எழுதுவது உடனே தெரிந்துவிடும். ‘எரியும் பனிக்காடு’ நாவலைத் தழுவி வந்த ‘பரதேசி’ படத்தில் நாயகன் பெயர் ராசா, கருப்பன் என்று வரவேண்டிய இடத்தில் ராசா என்று வந்தால் கதை அங்கேயே முடிந்தது. ‘வெக்கை’யைத் தழுவி வந்த ‘அசுரன்’ படத்தில் அப்பாவின் இளமைக்காலம் நீளமாக வரும், ‘வெக்கை’யில் அப்படி ஒரு பகுதி இல்லை. படம் பார்க்கத் தடை போட வேண்டாம். நாவலை முடித்த பிறகு பார்த்து, ஏன் மாற்றியிருப்பார்கள் என்று தனியாக ஒரு பதிவு எழுதினால் நன்றாகவே இருக்கும்.

‘வெக்கை’யின் கரிசல் பேச்சு சேலம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முதல் 20 பக்கம் தடுக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் நின்றால் கதை ஓடாது. நோட்டின் கடைசி இரண்டு பக்கத்தை ஒதுக்கி, புரியாத சொல்லைப் பக்க எண்ணோடு குறித்துக்கொண்டு போகட்டும். பாதிக்கு மேல் அடுத்தடுத்த பக்கங்களிலேயே விளங்கிவிடும்.

கடைசிப் பதிவை மட்டும் நாவல் முடிந்து இரண்டு நாள் கழித்து எழுத வேண்டும். முதல் பதிவை எடுத்துப் படித்து, அன்றைக்கு நினைத்தது இன்னும் அப்படியே இருக்கிறதா, எந்தப் பக்கத்தில் மாறியது என்று எழுதட்டும். மாறியிருந்தால் பழையதை அடிக்கவோ கிழிக்கவோ கூடாது; இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். இன்னொன்று, ஐப்பசி மழையில் அங்கே வீட்டுக்குள் இருக்கிற நோட்டும் நமுத்துப்போகும், இங்க் பேனாவில் எழுதினால் ஊறிவிடும். பால்பாயின்ட் பேனா கொடுங்கள்.