தபால் முத்திரை அளவில் ஓர் உபுண்டு

கேள்வி: வந்தாறுமூலை கம்பஸில் முதல் வருடம் படிக்கிறேன். பாடத்துக்காக என் விண்டோஸ் லப்டொப்பில் வேர்ச்சுவல்பொக்ஸ் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டுகிற மென்பொருள்) போட்டு அதற்குள் உபுண்டு என்ற இயங்குதளத்தை நிறுவினேன். முழுத்திரையாக்கினால் சுற்றிவரக் கறுப்பு, நடுவில் சின்னப் பெட்டியாக உபுண்டு. உள்ளே செட்டிங்ஸில் பார்த்தால் ரெசல்யூஷன் (திரைப் புள்ளிகளின் எண்ணிக்கை) 800க்கு 600. சில ஜன்னல்களின் கீழ்ப் பொத்தான்கள் தெரிவதே இல்லை. அறைத்தோழி அழித்துவிட்டு மறுபடி நிறுவச் சொல்கிறாள். அழிக்கவா?
– களுவாஞ்சிகுடி வாசகி

பதில்: அழிக்காதீர்கள் தங்கச்சி. மறுபடி நிறுவினாலும் இதே தபால் முத்திரைதான் வந்து நிற்கும், டேட்டாவும் ஒரு பின்னேரமும் போனதுதான் மிச்சம்.

விஷயம் இவ்வளவுதான். உங்கள் லப்டொப்பின் உண்மையான திரை எவ்வளவு பெரியது என்று உபுண்டுவுக்குத் தெரியாது, வேர்ச்சுவல்பொக்ஸ் காட்டுகிற பொய்த்திரையைத்தான் அது பார்க்கிறது. மட்டக்களப்பார் விருந்தாளியைப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று ஊரெல்லாம் சொல்வார்களே, இங்கே விருந்தாளிக்குப் பாய் கொடுத்தாயிற்று, அறை எவ்வளவு பெரியது என்று சொல்லத்தான் ஆளில்லை. அதைச் சொல்லுகிற வேலையைச் செய்வது 'கெஸ்ட் அடிஷன்ஸ்'. அது வேர்ச்சுவல்பொக்ஸோடு சேர்ந்தே வந்துவிடுகிறது என்பதால் தனியாகப் பதிவிறக்கத் தேவையில்லை.

முதலில் உபுண்டுவை ஒழுங்காக ஷட்டவுண் செய்யுங்கள். 'சேவ் ஸ்டேட்' போட்டு மூடினால் வெளியே செட்டிங்ஸ் மங்கிப்போய் பெரும்பாலானதை மாற்றவிடாது, நிறையப் பேர் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள். அப்படியே ஒரு ஸ்னாப்ஷொட்டும் (ஏதும் பிழைத்தால் இந்த நிலைக்கே திரும்ப உதவும் பிரதி) எடுத்து வைத்துவிடுங்கள். பிறகு வேர்ச்சுவல்பொக்ஸின் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதிக்குப் போய் வீடியோ மெமரியை 128 எம்பிக்கு இழுங்கள், கிராஃபிக்ஸ் கன்ட்ரோலர் விஎம்எஸ்விஜிஏ என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். பக்கத்திலேயே 3டி ஆக்ஸிலரேஷன் என்று ஒரு கட்டம் ஆசை காட்டும், இப்போதைக்குத் தொட வேண்டாம். நான் ஒருக்கா அதில் சரி போட்டுவிட்டு, கறுப்புத் திரையைப் பார்த்தபடி லப்டொப்தான் பழுதாகிவிட்டது என்று அரை மணித்தியாலம் உட்கார்ந்திருந்தேன்.

இனி உபுண்டுவைத் திறந்து கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கட்டளை அடிக்கிற ஜன்னலான டெர்மினல் வரும். அதில் சுடோ ஆப்ட் இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல் டிகேஎம்எஸ் என்று அடியுங்கள் (இங்கே தமிழில் அச்சிடுகிறோம், நீங்கள் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடிக்க வேண்டும்). பாஸ்வேர்ட் கேட்கும்போது நீங்கள் அடிப்பது ஒரு புள்ளியாகக்கூடத் திரையில் தெரியாமல் இருக்கலாம். விசைப்பலகை வேலை செய்யவில்லை என்று நினைத்து விட்டுவிடாமல் அடித்து முடித்து என்டரைத் தட்டுங்கள்.

அது முடிந்ததும் மேலே டிவைசஸ் மெனுவில் 'இன்சர்ட் கெஸ்ட் அடிஷன்ஸ் சிடி இமேஜ்'. சிடி ஒன்று செருகியதுபோல் உள்ளே தோன்றும், அதைத் திறந்து ஆட்டோரன் கோப்பின் மேல் வலது சொடுக்கி 'ரன் அஸ் அ புரோகிராம்' கொடுங்கள். எழுத்துகள் ஓடி முடிந்ததும் ரீஸ்டார்ட். கடைசியாக வியூ மெனுவில் 'ஆட்டோ-ரீசைஸ் கெஸ்ட் டிஸ்ப்ளே' இயங்குகிறதா என்று பாருங்கள். இப்போது ஜன்னலின் மூலையைப் பிடித்து இழுத்தால் உபுண்டுவும் கூடவே விரியும். முழுத்திரைக்குப் போகவும் வரவும் வலது கன்ட்ரோலோடு எஃப்.

அதுவரை ஒளிந்து கிடக்கும் பொத்தான்களுக்கு ஒரு குறுக்கு வழி: விண்டோஸ் விசையை அழுத்தியபடி ஜன்னலின் எந்த இடத்தையும் மவுஸால் பிடித்து மேலே இழுங்கள், கீழே இருப்பது தெரியவரும்.

கேள்வி: எனக்குத் திரை முழுசாக வந்துவிட்டது, ஆனால் எழுத்து எறும்பு மாதிரி. கண்ணாடி போட்டும் வாசிக்க முடியவில்லை. ரெசல்யூஷனைக் குறைத்தால் எல்லாம் மங்குகிறது.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், அக்கரைப்பற்று

பதில்: சேர், ரெசல்யூஷனை இருந்தபடி விடுங்கள், குறைத்தால் மங்கத்தான் செய்யும். உங்கள் விண்டோஸ் எழுத்தை 125 அல்லது 150 சதவீதம் பெருப்பித்துக் காட்டுகிறது, உள்ளே இருக்கும் உபுண்டு அப்படிச் செய்வதில்லை, அதுதான் வித்தியாசம். உபுண்டு செட்டிங்ஸில் அக்ஸஸிபிலிட்டிக்குள் 'லார்ஜ் டெக்ஸ்ட்' இருக்கிறது, முதலில் அதைப் போட்டுப் பாருங்கள். போதாவிட்டால் டிஸ்ப்ளேஸ் பகுதியில் ஸ்கேலை 200 ஆக்கலாம், ஆனால் 14 அங்குலத் திரையில் அது வாசற்கதவு அளவுக்கு ஐகான்களைக் கொண்டுவந்து நிறுத்தும். வேர்ச்சுவல்பொக்ஸிலும் 'ஸ்கேல் ஃபாக்டர்' என்று ஒன்று உண்டு. உள்ளேயும் வெளியேயும் இரண்டையும் கூட்டிவிடாதீர்கள், பிறகு எது எதைப் பெருப்பிக்கிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் போகும்.

கேள்வி: நான் வேர்ச்சுவல்பொக்ஸ் போன்ற இன்னொரு மென்பொருளான விஎம்வேர் பாவிக்கிறேன். இதே பிரச்சினைதான். கெஸ்ட் அடிஷன்ஸ் எங்கே?
– கல்முனை வாசகர்

பதில்: உங்களுக்கு அது கிடையாது தம்பி, தேவையும் இல்லை. டெர்மினலில் ஓப்பன்-விஎம்-டூல்ஸ்-டெஸ்க்டொப் என்ற பொதியை ஆப்ட் மூலம் நிறுவி ரீஸ்டார்ட் செய்யுங்கள். டெஸ்க்டொப் என்ற வாலை விட்டுவிட்டால் திரை விரியாது, உள்ளேயும் வெளியேயும் கொப்பி-பேஸ்ட் செய்யவும் முடியாது.