டிஜிட்டல் தூரிகை: குதிரை வரைபவர்களின் கேள்விகள்

கேள்வி: குதிரை வரைந்து காட்டினால் ஒன்று 'சூப்பர்' என்கிறார்கள், இல்லாவிட்டால் 'என்னமோ இடிக்குது' என்கிறார்கள். உருப்படியான கருத்தைக் கேட்டு வாங்குவது எப்படி?
– வாசகர், திருச்சி

பதில்: 'எப்படி இருக்கு?' என்று கேட்டால் 'சூப்பர்'தான் வரும். 'இடது பின்னங்கால் எடையைத் தாங்குகிற மாதிரி தெரிகிறதா?' என்று குறிப்பாகக் கேளுங்கள். எப்போது கேட்கிறீர்கள் என்பதும் முக்கியம். பிடரி மயிரை இழை இழையாகத் தீட்டி, சேணத்துக்குப் பளபளப்பும் ஏற்றிய பிறகு 'முன்னங்கால் குட்டை' என்றால் யாருக்குத் திருத்த மனம் வரும்? கோட்டுப்படம் முடிந்ததும் ஒருமுறை, கறுப்பு வெள்ளையில் ஒளி நிழல் போட்டதும் ஒருமுறை காட்டுங்கள்.

பார்த்து வரைந்த புகைப்படத்தையும் சேர்த்தே அனுப்புங்கள். ராஜஸ்தானின் மார்வாரி இனக் குதிரையின் காது நுனிகள் உட்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடும். அது தெரியாதவர் அதையே பிழை என்பார்.

அனுப்புவதற்கு முன் படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். கிரீட்டா என்ற ஓவிய மென்பொருளில் 'எம்' விசையைத் தட்டினால் போதும். பழகிய கண்ணுக்குத் தப்பிய சாய்வுகள் அப்போது தெரிந்துவிடும்.

கேள்வி: தோழி வரைந்த குதிரையின் பின்னங்கால் சரியில்லை. அவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?
– வாசகி, கோவை

பதில்: மனம் நோகுமோ என்று மழுப்பினால் அவருக்குப் பயனில்லை. எந்த இடம், என்ன பிழை, எவ்வளவு மாற்ற வேண்டும் என்று மூன்றையும் சொல்லுங்கள். 'கால் விநோதமா இருக்கு' என்பதைவிட 'பின்மூட்டைக் கொஞ்சம் மேலே ஏற்றி, பின்னால் தள்ளுங்கள்' என்பதே நோகடிக்காது.

இதில் பெரும்பாலும் நடக்கும் குழப்பம் ஒன்று உண்டு. பின்னங்காலின் நடுவே பின்பக்கம் புடைத்து நிற்கும் மூட்டை முழங்கால் என்று நினைத்து வரைகிறார்கள். அது நம் குதிகாலுக்குச் சமம். உண்மையான முழங்கால் மேலே, தொடை அடிவயிற்றைச் சேரும் இடத்தில் இருக்கிறது. அதேபோல முன்னங்காலில் நாம் முழங்கால் என்பது நம் மணிக்கட்டு. முழங்கை நெஞ்சுக்கு அடியில் உடம்போடு ஒட்டியிருக்கும். இது புரிந்துவிட்டால் பாதிப் பிழை தானே மறையும்.

சோதிக்க ஒரு வழி: பக்கவாட்டில் நேராக நிற்கும் குதிரையின் பிட்டத்தின் பின்முனையிலிருந்து தூக்குக்குண்டு விட்டதுபோல ஒரு கோடு இழுங்கள். அது அந்தக் குதிகால் முனையைத் தொட்டு, அதற்குக் கீழுள்ள காலின் பின்புறத்தை ஒட்டி இறங்க வேண்டும்.

அவர் சம்மதித்தால் மட்டும் படத்தின் மேலேயே திருத்திக் காட்டுங்கள். அவர் வரைந்த லேயரின் (படத்தின் அடுக்கு) ஒப்பாசிட்டியை, அதாவது ஒளிபுகாத் தன்மையை, 30 சதவீதத்துக்கு இறக்கி, அதன் மேல் ஒரு புது லேயரில் மூட்டுகளுக்கு வட்டமும் எலும்புகளுக்குக் கோடும் சிவப்பில் போடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். நீங்களே அழகாக வரைந்து கொடுத்தால் அது உங்கள் குதிரை ஆகிவிடும். ஒரு தடவைக்கு மூன்று குறை போதும். நன்றாக வந்த இடத்தையும் சுட்டுங்கள், திருத்தும்போது அதைக் கெடுத்துவிடாமல் இருப்பார்.

கேள்வி: நாலுகால் பாய்ச்சலில் முன்னங்கால்கள் முன்னேயும் பின்னங்கால்கள் பின்னேயும் நீட்டியபடி காற்றில் பறப்பதாக வரைந்தேன். தவறு என்கிறார்கள். பழைய ஓவியங்களில் அப்படித்தானே இருக்கிறது?
– வாசகர், மதுரை

பதில்: இருக்கிறது. 1821இல் பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ வரைந்த, இங்கிலாந்தின் எப்சம் குதிரைப் பந்தய ஓவியத்திலும் குதிரைகள் அப்படித்தான் பறக்கின்றன. 1878இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் புகைப்படக் கலைஞர் மைபிரிட்ஜ் 12 கேமராக்களை வரிசையாக வைத்து ஓடும் குதிரையைப் படம் எடுத்த பிறகுதான் உண்மை தெரிந்தது: நான்கு குளம்பும் தரையை விட்டு எழும் நொடியில் கால்கள் வயிற்றுக்கு அடியில் மடங்கிக் கூடியிருக்கின்றன. இயல்பாக வரைய நினைத்தால் திருத்துங்கள். பழைய பாணிதான் வேண்டுமென்றால் விட்டுவிடுங்கள். கருத்துச் சொல்பவர் இதை முதலில் கேட்டிருக்க வேண்டும். அய்யனார் கோயில் மண்குதிரையைப் பார்த்து வரைந்தவரிடம் 'கால் தூண் மாதிரி இருக்கு' என்று சொல்வதில் அர்த்தமில்லை. மண் உடம்பைத் தாங்கத்தானே அந்தத் தூண்!

கேள்வி: வண்ணம் தீட்டியபின் குதிரை பலூன் மாதிரி இருக்கிறதாம்.
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: எல்லா இடத்திலும் விளிம்பு மங்கலாக விழும் ஏர்பிரஷ் ஓட்டியிருப்பீர்கள். வயிற்றில் நிழல் மெதுவாக மாறலாம். கன்ன எலும்பிலும் மூட்டுகளிலும் விளிம்பு வெட்டினாற்போல் இருக்க வேண்டும். முன்னங்காலின் நடுமூட்டுக்குக் கீழே சதையே கிடையாது, எலும்பும் தசைநாரும்தான். அங்கே உருண்டை நிழல் போட்டால் கால் குழாய் ஆகிவிடும்.

கேள்வி: ஒருவர் கழுத்து நீளம் என்கிறார், இன்னொருவர் தலை சின்னது என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகர், சேலம்

பதில்: இருவரும் ஒரே இடத்தைத்தான் காட்டுகிறார்கள். பிழை அங்கே இருப்பது அநேகமாக உறுதி, மருந்துதான் வேறு. தலையின் நீளத்தை அளவுகோலாக வைத்து அளந்து பாருங்கள். தரையிலிருந்து தோள்மேட்டின் (கழுத்தும் முதுகும் சேரும் மேடு) உயரமும், நெஞ்சிலிருந்து பிட்டம் வரையுள்ள நீளமும் ஏறத்தாழ இரண்டரைத் தலை வரும். மூன்றைத் தாண்டினால் தலையைப் பெரிதாக்குங்கள், கழுத்தைத் தொடாதீர்கள்.