மணலையும் தண்ணீரையும் வைத்து என்ன படிப்பு என்று கேட்கும் தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டில் இருக்கும் உங்கள் மகள், நீரியல் பிரிவில் மேற்படிப்புக்குப் போக வேண்டும் என்று உறுதியாக இருப்பதையும், மாலை நேரம் முழுவதையும் கல்லூரி ஆய்வகத்தின் ஃப்ளூமில் மணலைப் பரப்பித் தண்ணீர் விட்டுப் பார்ப்பதிலேயே செலவிடுவதையும், கூடப் படிப்பவர்கள் ஐ.டி. நிறுவனத் தேர்வுகளுக்குத் தயாராகும் இந்த நேரத்தில் அது உங்களுக்குத் தூக்கம் வராத அளவுக்குக் கவலை தருவதையும் எழுதியிருந்தீர்கள். "இது விளையாட்டா, படிப்பா?" என்ற உங்கள் கேள்வி நியாயமானதே. அந்தத் தொட்டியில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் வேலைவாய்ப்பைப் பற்றிச் சரியாகப் பேச முடியும் என்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஃப்ளூம் என்பது பக்கச்சுவர்களில் கண்ணாடி பதித்த, சாய்வை ஏற்றி இறக்கக்கூடிய நீண்ட செயற்கைக் கால்வாய். அடியில் மணலைக் கொட்டி, மரப்பலகையால் இழுத்து மட்டம் செய்து, கடைக்கோடியிலிருந்து தண்ணீரை மெல்ல மெல்ல ஏற்றுவார்கள்; அவசரப்பட்டு மேலிருந்து திறந்துவிட்டால் மணல் குழிந்து, அரைநாள் உழைப்பு வீணாகும். பிறகு பம்பின் ஓட்டத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டும்போது, ஒரு கட்டம் வரை ஒரு துகள்கூட அசையாது. அதைத் தாண்டியதும் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் துகள்கள் உருளத் தொடங்கும். இன்னும் கூட்டினால் மணல்பரப்பு முழுவதும் சிற்றலைகளாக மடிந்து, அந்த அலைகளே ஓட்டத்தின் திசையில் நகரும். எந்த விசையில் மணல் புறப்படும் என்பதை 1936-இல் ஜெர்மனியில் ஆல்பர்ட் ஷீல்ட்ஸ் என்ற ஆய்வாளர் ஃப்ளூம் சோதனைகளின் துணையோடு வரையறுத்த வளைகோட்டை, இன்றும் பொறியாளர்கள் கணக்குப் போடும்போது திறந்து பார்க்கிறார்கள்.

அதே மணலில் ஒரு உருளையை நட்டு வைத்தால் அது பாலத்தூண் ஆகிவிடும். ஓடிவரும் நீர் தூணில் மோதிக் கீழ்நோக்கி இறங்கி, தூணின் முன்புறத்தில் சுழலாகி மணலைத் தோண்டி எடுக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூணைச் சுற்றிக் குழி ஆழமாகும். வெள்ளத்தில் பாலங்கள் சாய்வதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று இந்த அரிப்பு. உங்கள் மகள் பாயிண்ட் கேஜை (ஆழம் அளக்கும் கூர்முனைக் கம்பியை) மில்லிமீட்டர் கணக்கில் இறக்கி ரீடிங் எடுப்பது அந்தக் குழியின் ஆழத்தைத்தான். அஸ்திவாரத்தை எவ்வளவு ஆழத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற முடிவு இத்தகைய ரீடிங்குகளில் வேரூன்றியிருக்கிறது.

இதில் நான் மிகவும் மதிக்கும் பகுதி, ஆற்றைச் சுருக்குவதில் உள்ள சிக்கல். 36-இல் ஒரு பங்காக மாதிரி செய்தால், நீரின் வேகத்தை ஆறில் ஒரு பங்காக வைக்க வேண்டும் என்பது விதி. ஆனால் மணலை அப்படிச் சுருக்க முடியாது: அரை மில்லிமீட்டர் மணலை 36-ஆல் வகுத்தால் கிடைப்பது மிக நுண்ணிய வண்டல், அது உருளாமல் நீரில் மிதந்துபோகும். அதனால் நிலக்கரித் தூள், பிளாஸ்டிக் மணி போன்ற எடை குறைந்த பொருள்களை மணலுக்குப் பதிலாகப் போட்டுப் பார்ப்பார்கள். எதைச் சுருக்கலாம், எதைச் சுருக்கினால் விடை பொய்யாகும் என்று பிரித்தறியும் இந்தப் பழக்கம், கணினியில் மட்டும் வேலை செய்தவர்களுக்கு எளிதில் வருவதில்லை.

இந்தத் துறை வளர்ந்ததில் மக்களின் துயரத்துக்கும் பங்கு உண்டு. கலிஃபோர்னியாவில் தங்கம் எடுப்பதற்காக மலைச்சரிவுகளை நீர்ப்பீய்ச்சிகளால் கரைத்துவிட்டார்கள். இறங்கிய சரளையும் மண்ணும் ஆறுகளை மேடாக்கி, வெள்ளம் விவசாயிகளின் நிலங்களில் புகுந்தது. அந்தச் சரளை எவ்வாறு நகரும் என்று அறிய ஜி. கே. கில்பர்ட் என்ற அமெரிக்கப் புவியியலாளர் அம்மாநிலத்தின் பெர்க்லி நகரில் ஃப்ளூம்கள் அமைத்துச் சோதித்து, 1914-இல் வெளியிட்ட அறிக்கையின் அளவுகளை ஆய்வாளர்கள் இப்போதும் எடுத்தாள்கிறார்கள்.

இனி வேலைக்கு வருவோம். ஃப்ளூம் ஆய்வகத்திலேயே அமர்ந்து செய்யும் வேலைகள் குறைவு. இதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை ஊட்ட எனக்கு விருப்பமில்லை. 1916-இல் தொடங்கப்பட்டு, இப்போது புனேக்கு அருகே கடக்வாஸ்லாவில் இயங்கும் மத்திய நீர், மின்சக்தி ஆய்வு நிலையமும், நம் பூண்டி நீர்த்தேக்கத்தின் அருகிலுள்ள மாநில அரசின் நீரியல் ஆய்வு நிறுவனமும் அத்தகைய இடங்கள். ஆனால் இந்த அறிவு தேவைப்படும் இடங்கள் ஏராளம். இமயமலை நீர்மின் திட்டங்களில் மணல் டர்பைன் இதழ்களைத் தேய்த்துவிடும் என்பதற்காகவே, சட்லெஜ் ஆற்றின் நாத்பா ஜாக்ரி திட்டத்தில் பூமிக்கடியில் 525 மீட்டர் நீளமுள்ள வண்டல் நீக்கும் அறைகளைக் குடைந்திருக்கிறார்கள். துறைமுகம், பாலம், அணை, கரையோரப் பாதுகாப்பு ஆகியவற்றை வடிவமைக்கும் ஆலோசனை நிறுவனங்களுக்கும் இத்தகையவர்கள் வேண்டும். அரசுப் பணி வேண்டுமென்றால், டி.என்.பி.எஸ்.சி. வழியாக நீர்வளத் துறையின் உதவிப் பொறியாளர் பதவியும், யு.பி.எஸ்.சி. நடத்தும் பொறியியல் பணித் தேர்வின் வழியாக மத்திய நீர் ஆணையமும் இருக்கின்றன. தொடக்கச் சம்பளத்தில் ஐ.டி. வேலை முந்தலாம், பேராசிரியர், விஞ்ஞானி பதவிகளுக்கு முனைவர் பட்டம் தேவைப்படுவதால் பொறுமையும் வேண்டும். வீட்டுப் பொருளாதாரம் அதைத் தாங்குமா என்று மகளுடன் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

பொறியியல் முதுநிலைச் சேர்க்கைக்கான கேட் நுழைவுத் தேர்வுக்கு அவர் இந்த ஆண்டே படிக்கத் தொடங்கட்டும். மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதால், முதல் முயற்சியில் குறைந்தாலும் பதற வேண்டியதில்லை. சென்னை, ரூர்க்கி ஐ.ஐ.டி.களிலும் அண்ணா பல்கலைக்கழகத்திலும் நீர்வளம் சார்ந்த முதுநிலைப் படிப்புகள் உள்ளன. அதோடு, ஆற்றோட்டத்தைக் கணிக்கும், கட்டணமின்றிக் கிடைக்கும் ஹெக்-ராஸ் மென்பொருளையும் பைத்தான் நிரல்மொழியையும் கட்டாயம் கற்க வேண்டும். ஃப்ளூமில் கண்ட குழியைக் கணினி மாதிரியோடு ஒப்பிட்டுக் காட்டத் தெரிந்தவரை, நேர்முகத் தேர்வில் எதிரே இருப்பவர்கள் கவனிக்காமல் விடமாட்டார்கள். என்னிடம் வரும் மாணவர்களில் பலர் இரண்டில் ஒன்றை மட்டுமே வைத்திருக்கிறார்கள்.

ஒரு வேண்டுகோள். துறைத் தலைவரிடம் அனுமதி பெற்று, ஒரு மாலை அந்த ஆய்வகத்துக்குச் சென்று வாருங்கள். மகளின் ரீடிங் நோட்டைக் கேட்டுப் பாருங்கள்: ஒரே சோதனையை எத்தனை முறை திரும்பச் செய்திருக்கிறார், ஒத்துவராத அளவுகளை அழிக்காமல் விட்டு, அதன் பக்கத்தில் காரணம் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். அப்படி எழுதியிருந்தால், கேட் விண்ணப்பத்துக்கான பணத்தைத் தயங்காமல் கொடுங்கள். எழுதவில்லை என்றால், அவரை என்னிடம் ஒருமுறை அழைத்து வாருங்கள். நோட்டையும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள்.